கேள்வித்தாள் கையில் வராத தேர்வு: சுங்கை சிப்புட் மாணவி ஒருத்தியின் பேரேடு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் மாணவரிடம் யாரும் கட்டுரை கேட்பதில்லை. அதற்கான மத்திய விண்ணப்பமான யு.பி.யு.வில் தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு என்று கணக்கு முடிந்துவிடும். சில துறைகளுக்கு மட்டும் நேர்காணல் உண்டு. அதனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். படிக்கும் பிள்ளை அமெரிக்கக் கல்லூரிக்கோ பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பிக்க உட்கார்ந்தால், எப்படி எழுதுவது என்ற கவலைக்கு முன்பே இன்னொன்று வந்து நிற்கிறது. என்ன கேட்கிறார்கள் என்பதே முழுதாகத் தெரிவதில்லை. கேள்விகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, சில ஒளிந்திருக்கின்றன, ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2026-இல் படிப்பைத் தொடங்குவதற்காக விண்ணப்பித்த ஒரு மாணவி அவற்றை எப்படித் திரட்டினாள், எப்படிக் கணக்கில் வைத்திருந்தாள் என்பதே இந்த ஆய்வு. அவளுக்கு இடம் கிடைத்ததா என்பது இங்கே பேசப்படவில்லை. பெயரையும் அவள் தேர்ந்தெடுத்த கல்லூரிகளின் பட்டியலையும் வெளியிட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், கல்லூரிகள் எப்படிக் கேட்கின்றன என்று விளக்கும் இடங்களில் எல்லோரும் அறிந்த பெயர்களைக் கையாள்கிறேன்.

பின்னணி

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட், தோட்டங்கள் சூழ்ந்த பட்டணம். மாணவியின் குடும்பம் பட்டணத்துக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறது. அப்பா குலை வெட்டுகிறார். அம்மா பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். அம்மாவின் அப்பா, அதே தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், அவர்களோடு இருக்கிறார். வீட்டில் கணினி கிடையாது. கைத்தொலைபேசியில் இணையம் உண்டு, ஆனால் தோட்டத்துக்குள் சிக்னல் மாலை மழையோடு போய்விடும். நான் இந்த வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள்; ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வேலையில் நான் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

அவளிடம் முதலில் இருந்த பட்டியலில் பாதியை நாங்கள் கேள்விகளைத் தேடும் முன்பே அடித்துவிட்டோம். காரணம் பணம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமல் தேர்வுசெய்து, தேவைப்படும் உதவி முழுவதையும் கொடுக்கின்றன. இன்னும் சில, வசதியைக் கணக்கில் எடுத்தாலும் தேர்வான வெளிநாட்டவருக்கு முழு உதவி தருகின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் அப்படிப்பட்டவை அல்ல. குடும்ப வருமானத்தைப் பார்த்து வெளிநாட்டு மாணவருக்கு உதவுவது அங்கே கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், கேள்விகளைக் கண்டுபிடிக்க மிக எளிதான இடம் கலிபோர்னியாதான். எட்டுக் கேள்விகள், அவற்றில் நான்கைத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்கு மிகாமல் பதில்; எல்லாம் பொதுப் பக்கத்தில் வெளிப்படையாகக் கிடைக்கும். அதனாலேயே பிள்ளைகள் முதலில் அங்கே போய் விழுகிறார்கள். இவளும் இரண்டு பதில்களை எழுதத் தொடங்கியிருந்தாள். குடும்பத்தால் கட்ட முடியாத கட்டணத்துக்கு நான்கு கட்டுரைகள் எதற்கு என்று தாத்தா கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கலிபோர்னியா பட்டியலிலிருந்து போயிற்று.

பழைய பட்டியலின் கேடு

அவள் என்னிடம் வந்தபோது கையில் ஒரு பி.டி.எஃப். இருந்தது. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் கட்டுரைக் கேள்விகள், நல்ல வடிவமைப்பு, எங்கும் தேதி இல்லை. அதைச் சேமித்து வைத்திருந்ததையே அவள் பாதி வேலை முடிந்ததாக எண்ணியிருந்தாள்.

அது எந்த ஆண்டுக்கானது என்பதை அதன் உள்ளேயே கண்டுபிடிக்க முடிந்தது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் கோவிட் தொற்றும் இயற்கைப் பேரிடரும் மாணவரை எப்படிப் பாதித்தன என்று கேட்கும் ஒரு பகுதி பல ஆண்டுகள் இருந்தது. 2025-26 சுற்றில் அது பொதுவான சவால்களையும் சூழ்நிலைகளையும் கேட்கும் பகுதியாக மாறிவிட்டது. பி.டி.எஃப்.-இல் பழைய கோவிட் கேள்வியே இருந்தது. அதே சுற்றில் ‘கூடுதல் தகவல்’ பகுதியின் அளவும் 650 சொல்லிலிருந்து 300 சொல்லாகக் குறைந்தது. அந்தப் பழைய அளவை நம்பி, அவள் குடும்பச் சூழலை அறுநூறு சொல்லில் எழுதி வைத்திருந்தாள். அப்பாவின் வேலை நேரம், தம்பியின் மருத்துவமனைப் பயணங்கள், டியூஷன் இல்லாமல் படித்தது, எல்லாமே தேவையான செய்திகள். அதில் பாதியை வெட்டிய ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு பேசவே இல்லை.

பிரிட்டன் பக்கம் இதைவிடப் பெரிய மாற்றம். அவளுடைய அத்தை மகன் சில ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் படித்தவன். தன் பழைய தன்விவரக் கட்டுரையை நல்லெண்ணத்தோடு அனுப்பிவைத்திருந்தான். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பிப்போர் எத்தனையோ ஆண்டுகளாக 4,000 எழுத்துக்குள் ஒரே நீண்ட கட்டுரையைத்தான் எழுதிவந்தார்கள். 2026-இல் படிப்பைத் தொடங்குவோர் முதல் அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டது: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், உன் படிப்பும் தகுதிகளும் இதற்கு உன்னை எப்படித் தயார்செய்தன, கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தாய், அந்த அனுபவங்கள் ஏன் பயனுள்ளவை. மொத்த அளவு இடைவெளிகள் உட்பட அதே 4,000 எழுத்து. ஒவ்வொரு பதிலுக்கும் குறைந்தது 350 எழுத்து. ஆகவே அத்தை மகனின் கட்டுரை நன்றாக இருந்தும் மாதிரியாகப் பயன்படவில்லை. மூன்றாவது கேள்விக்கு உரிய செய்தி அதில் ஏழெட்டு வாக்கியங்களில் சிதறிக் கிடந்தது.

கேள்விகள் ஏன் இப்படி மாறுகின்றன என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் இதெல்லாம் யாரோ வேண்டுமென்றே தன்னை அலைக்கழிப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கும். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்ட், வட கரோலைனா பல்கலைக்கழகங்கள் தொடர்பான வழக்குகளில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்துவந்த முறையைத் தடைசெய்தது. ஆனால், இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவரே எழுதுவதைக் கல்லூரி படித்துப் பார்க்கலாம் என்று தீர்ப்பு இடம் விட்டது. அதற்குப் பிறகு பல கல்லூரிகள் தம் கேள்விகளைத் திருத்தி எழுதின. உன் பின்னணி, நீ வளர்ந்த சமூகம், கருத்து வேறுபாட்டை நீ எதிர்கொண்ட விதம் போன்ற கேள்விகள் பெருகின. ஹார்வர்ட் அந்த ஆண்டே ஐந்து கட்டாயக் குறுங்கட்டுரைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் 200 சொல் என்று வைத்தது. அடுத்த ஆண்டே அதை 150 ஆக்கியது. இரண்டே ஆண்டு பழைய பட்டியல் எவ்வளவு கெட்டுப்போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஈப்போவில் ஒரு முகவர் இப்படிப்பட்ட பட்டியலைக் காசுக்கு விற்கிறார் என்று பிறகு தெரியவந்தது. இலவசமாக வந்ததும் அவர் விற்றதும் ஏறத்தாழ ஒன்றே.

கேள்விகள் ஒளிந்திருக்கும் இடங்கள்

காமன் ஆப் 1975-இல் 15 கல்லூரிகளோடு தொடங்கியது; இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. அதன் பொதுக் கட்டுரைக்கு ஏழு கேள்விகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து 250 முதல் 650 சொல்லுக்குள் எழுத வேண்டும். ஏழாவது, உனக்கு விருப்பமான எந்தத் தலைப்பானாலும் சரி என்பது. இவை சில மாதம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன, தேட வேண்டிய பாடே இல்லை.

சிக்கல் கல்லூரிகளின் தனிக் கேள்விகளில். ஆகஸ்ட் 1 அன்று புதிய சுற்று திறந்த பிறகு, கணக்கில் அந்தக் கல்லூரியைச் சேர்த்தால்தான் அவற்றில் பல முழுதாகக் கண்ணில் படும். ஒரே நேரத்தில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். சேர்த்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில, கட்டுரைக்கென்றே உள்ள பகுதியில் இருக்கும். சில, ‘எந்தப் பருவத்தில் சேர விரும்புகிறாய்’, ‘உறவினர் யாராவது இங்கே படித்தார்களா’ போன்ற சாதாரணக் கேள்விகளுக்கு நடுவில் ஒரு பெட்டியாக உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டாவது வகைதான் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. முகவரி, பிறந்த தேதி நிரப்பும் வேகத்தில் அங்கேயும் இரண்டு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது 150 சொல் கட்டுரை என்று பிறகுதான் தெரியும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானவை, வேறொரு தேர்வுக்குப் பின்னால் நிற்கும் கேள்விகள். பிரின்ஸ்டனில் கலை, அறிவியல் பட்டம் என்று குறித்தால் ஒரு கேள்வி, பொறியியல் பட்டம் என்று குறித்தால் வேறு கேள்வி. கார்னெலில் எந்த உட்கல்லூரியில் சேர விரும்புகிறாயோ அதைப் பொறுத்துக் கட்டுரை மாறும். பெட்டியில் டிக் வைக்கும் வரை அந்தக் கேள்வி திரையிலேயே இருக்காது. பாடத்தை இன்னும் முடிவு செய்யாத மாணவி, தான் பார்த்த கேள்விகள்தாம் மொத்தம் என்று நினைத்து இரண்டு மாதம் நிம்மதியாக இருக்க முடியும். எங்கள் மாணவி உயிரியலா வேளாண் அறிவியலா என்ற குழப்பத்தில் இருந்தாள். ஒவ்வொரு வாய்ப்பையும் மாறி மாறிக் குறித்துப் பார்த்து, எது எந்தக் கேள்வியைத் திறக்கிறது என்று எழுதிக்கொண்டாள். கடைசியில் அவள் பாடத்தை முடிவு செய்ததிலும் இந்தப் பயிற்சிக்குப் பங்கு உண்டு. ஒரு பக்கத்துக் கேள்விகளுக்கு அவளிடம் நிறையப் பதில் இருந்தது, மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

எம்.ஐ.டி. காமன் ஆப்பில் இல்லை. தனி விண்ணப்பம், அதில் பல குறுங்கட்டுரைகள். நிதி உதவிக்கான படிவங்கள் வேறு தளத்தில். அவற்றிலும் குடும்பச் சூழலை விளக்க ஒரு பெட்டி இருக்கும், அதை யாரும் கட்டுரை என்று எண்ணுவதில்லை. உள்நாட்டு உபகாரச் சம்பளங்கள் தனிக்கதை: விண்ணப்பத் தேதி முடிந்ததும் பக்கமே மூடப்பட்டு, கேள்வியும் அதோடு மறைந்துவிடும். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க நினைப்பவர் பார்க்க எதுவும் மிஞ்சாது.

ஜூலையிலேயே காமன் ஆப்பில் கணக்கு திறந்து ஒத்திகை பார்க்கலாமே என்று அவளுடைய தோழி ஒருத்தி சொன்னாள். திறக்கலாம்தான். ஆனால் ஜூலை இறுதியில் தளம் சில நாள் மூடப்பட்டுப் புதுச் சுற்றுக்கு மாறும்போது பொதுப் பகுதியில் நிரப்பியவை மட்டும் தங்கும். தனிக் கல்லூரிகளுக்கு எழுதிய பதில்கள் அழிந்துவிடும். தோழிக்கு அப்படியே நடந்தது.

கிராணித் தாத்தாவின் பேரேடு

நான் முதலில் கூகுள் ஷீட்தான் போட்டுக்கொடுத்தேன். கல்லூரி, கேள்வி, அளவு, கடைசித் தேதி என்று நான்கு பத்திகள். அந்தச் சிறிய திரையில் நீளமான கேள்வி முழுதாகத் தெரியவில்லை. அதனால் அவள் கேள்விகளைச் சுருக்கி எழுதத் தொடங்கினாள்: ‘ஏன் இந்தக் கல்லூரி’, ‘சமூகம்’, ‘பிடித்த பாடம்’ என்று. தாத்தா அதைப் பார்த்துவிட்டு, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்த கோடு போட்ட பழைய நீளப் பேரேடு ஒன்றை எடுத்துத் தந்தார்.

அவர் செக்ரோல் எழுதி வளர்ந்தவர். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், யார் வந்தார், யார் வரவில்லை என்பதைக் குறிப்பதில் தொடங்கி மாதக் கடைசியில் சம்பளமாக முடியும் கணக்கு அது. யார் பார்த்தது, என்றைக்குப் பார்த்தது என்று எழுதாத வரி கணக்கில் சேராது என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் எந்தப் பக்கத்தில் பார்த்தது, எந்தத் தேதியில், யார் கண்ணால் பார்த்தது என்று மூன்று கட்டங்கள். விண்ணப்பத்துக்குள்ளேயே பார்த்த கேள்விக்கு நீல மை. கல்லூரியின் சொந்தத் தளத்தில் பார்த்ததற்குக் கறுப்பு. மற்ற எங்கே பார்த்தாலும் பென்சில். நீலமோ கறுப்போ ஆகும் வரை அந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது. பி.டி.எஃப்.-இல் இருந்தவை எல்லாம் பென்சிலில் ஏறின. அவற்றில் கணிசமானவை மையைக் காணாமலேயே அழிக்கப்பட்டன.

கேள்வியைச் சுருக்காமல், ஒரு சொல்லும் மாற்றாமல், ஆங்கிலத்தில் இருந்தபடியே கையால் எழுத வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது நிபந்தனை. எனக்கு இது வீண் உழைப்பாகப் பட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். ‘படம் எடுத்தால் தொலைபேசி படித்திருக்கும், டீச்சர். பிள்ளை படித்திருக்காது’ என்றார். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தோம், பிறகு தகராறு வந்தால் காட்டுவதற்காக. ஆனால் கையெழுத்துப் பிரதிதான் வேலை செய்தது. இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி ஒரு நிகழ்ச்சியையோ ஆர்வத்தையோ கேட்கும். இரண்டாவது பாதி, அது உன்னை எப்படி மாற்றியது, நீ என்ன கற்றாய், இங்கே வந்து என்ன செய்வாய் என்று கேட்கும். சுருக்கி எழுதும்போது விழுந்துபோவது எப்போதும் இரண்டாவது பாதிதான். யூகாஸின் மூன்றாவது கேள்வியில் ‘ஏன் பயனுள்ளவை’ என்ற வால் இருக்கிறதே, அதை அவளுடைய கூகுள் ஷீட் விழுங்கியிருந்தது. பேரேட்டில் தாத்தா அந்த வாலுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

அளவுக் கட்டத்தில் எண்ணோடு அலகையும் எழுதினோம். ஸ்டான்ஃபர்டின் சில குறும்பதில்களுக்கு 50 சொல். யேலின் குறும்பதில்களுக்கு 200 எழுத்து, அது ஏறத்தாழ 35 சொல். யூகாஸ் முழுவதும் எழுத்துக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்ட பிள்ளை 200 எழுத்துக்கு 200 சொல் எழுதிக் கொண்டுவருவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டாயமா, விருப்பமா என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. விருப்பம் என்று போட்டிருந்தாலும், சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. சொல்ல எதுவும் இல்லாமல் பெட்டியை நிரப்புவது வெறுமையாக விடுவதைவிட மோசம். இதில் தாத்தாவுக்கும் எனக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. காலிக் கட்டத்தை அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

கூகை

பேரேட்டில் ஏறிய கேள்விகள் முப்பதை நெருங்கின. கல்லூரி வாரியாகப் பார்த்தபோது அவள் மலைத்துப்போனாள். அப்புறம் அவற்றை, என்ன கேட்கிறது என்பதை வைத்துப் பிரித்தோம். உன் அறிவை இழுக்கும் விஷயம் எது, நீ வளர்ந்த இடமும் மனிதர்களும், உன்னோடு ஒத்துப்போகாதவரிடம் எப்படிப் பேசினாய், வேலைக்கும் மதிப்பெண்ணுக்கும் வெளியே எதை மகிழ்ச்சிக்காகச் செய்கிறாய், ஏன் எங்களிடம். கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஐந்தில் அடங்கின. பக்க ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டோம்.

அவளுடைய முதல் வரைவுகள் ஊரைப் பற்றியவை. சமூகம் என்று எந்தக் கேள்வி வந்தாலும் 1948 ஜூன் 16 வந்துவிடும்: சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டது, அதையடுத்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அடுத்து, இந்த ஊரில் பிறந்து அமைச்சரான துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களைத் திரட்டி 1960-இல் அவர் உருவாக்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் பேரேட்டில் எழுதிவைத்த கேள்வியோடு ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பதிலாக இல்லை. கேள்வி அவளைக் கேட்டது. அவள் பள்ளி வரலாற்றுப் பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்ததைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவளிடம் இருந்த சரக்கு வேறு. செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லை பெரிது, பழத்தைக் கொறித்துவிடும். அதைக் கட்டுப்படுத்த மலேசியத் தோட்டங்களில் கூகை என்னும் ஆந்தைகளுக்குக் கூட்டுப் பெட்டி வைக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அவள் வீட்டுக்கு அருகேயும் ஒரு பெட்டி கம்பத்தில் நிற்கிறது. கூகை விழுங்கிச் செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டைகளைப் பொறுக்கி, ஊறவைத்துப் பிரித்து, எலி மண்டையோடுகளை எண்ணி ஒரு பள்ளி நோட்டில் எழுதிவந்திருக்கிறாள், படிவம் நான்கிலிருந்து. யாரும் கேட்கவில்லை என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. பேச்சுவாக்கில்தான் வெளிவந்தது. தாத்தா அந்த நோட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, தேதி போட்டிருக்கிறாள் என்று திருப்தியோடு தலையாட்டினார்.

இங்கேதான் அந்த ஐந்து குறிகளும் பயன்பட்டன. அறிவு ஆர்வம் பற்றிய கேள்விக்கு மண்டையோட்டுக் கணக்கு நேரடியாகப் பொருந்தியது. யூகாஸின் மூன்றாவது கேள்விக்கும், பயன் என்ன என்ற வாலோடு சேர்த்து, அதுவே பொருந்தியது. கருத்து வேறுபாடு கேட்ட கேள்விக்கு வேறொரு பக்கம் இருந்தது. இரவில் கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று நம்பும் அண்டை வீட்டுப் பாட்டி, பெட்டியை எடுக்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கல்லெறிய விட்டிருக்கிறார். அவரிடம் இவள் பேசியது, பாட்டி கடைசி வரை மனம் மாறாதது, ஆனால் கல்லெறிவது மட்டும் நின்றது. மனம் மாற்றி வெற்றி பெற்ற கதையாக அதைத் திருத்தவா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன், நடந்ததுதான் சுவை. மகிழ்ச்சிக்காகச் செய்வது எது என்ற கேள்விக்குக் கூகையை விட்டுவிடச் சொன்னேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே பறவை உட்கார்ந்தால் படிப்பவருக்கு வேறு எதுவும் தெரியாமல் போய்விடும். அதற்கு அவள் தன் தம்பிக்குச் சடை பின்னக் கற்றுக்கொடுத்ததை எழுதினாள். மருத்துவமனைக் காத்திருப்பு நேரத்தில் தொடங்கிய பழக்கம் அது.

‘ஏன் எங்களிடம்’ என்ற வகை மட்டும் ஒன்றுசேர மறுத்தது. பெயரை மாற்றி அனுப்ப முடிகிற பதில் எந்தக் கல்லூரிக்கும் பதிலாகாது. ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. பேரேட்டில் அதற்கென்று விட்ட பக்கங்களே அதிகம் அழுக்கானவை.

மணிக்கணக்கு

கடைசித் தேதிகளை மலேசிய நேரத்துக்கு மாற்றி எழுதியதில் சில ஆச்சரியங்கள் இருந்தன. யூகாஸின் ஜனவரி கெடு, 2026 ஜனவரி 14, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. இங்கே அது ஜனவரி 15 அதிகாலை 2 மணி. ஆக்ஸ்ஃபர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் 15. அப்போது அங்கே கோடைக்கால நேரம் என்பதால், அதே மாலை 6 மணி இங்கே மறுநாள் அதிகாலை 1 மணி. காமன் ஆப்பில் பொதுவாக விண்ணப்பிப்பவரின் உள்ளூர் நேரம் இரவு 11.59 கணக்கு, ஆகவே மலேசிய மாணவருக்கு அமெரிக்க மாணவரைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே கதவு மூடும். கலிபோர்னியாவோ பசிபிக் நேரத்தைப் பார்க்கிறது; அதன் இரவு 11.59 இங்கே மறுநாள் பிற்பகல் 3.59. தாத்தா இவை எதையும் நம்பவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாரம் முன்பாக ஒரு தேதியைப் பேரேட்டில் எழுதி, அதுதான் கடைசி என்றார். மழையில் சிக்னல் போகும் தோட்டத்தில் அது மிகச் சரியான ஏற்பாடு.

ஆகஸ்டில் பார்த்த கேள்விகளை அனுப்பும் முன்பு மீண்டும் ஒருமுறை விண்ணப்பத்துக்குள் போய்ப் பார்த்து, புதிய தேதி போட்டாள். ஓரிடத்தில் அளவு மாறியிருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. பதில்களை ஒட்டும்போது தளத்தின் சொல் எண்ணிக்கையும் கூகுள் டாக்ஸின் எண்ணிக்கையும் ஓரிரு சொல் வேறுபட்டன. கோடு போட்டு இணைத்த சொற்களை இரண்டும் வெவ்வேறாக எண்ணுகின்றன. வரம்பை ஒட்டி எழுதாமல் கொஞ்சம் இடம் விட்டிருந்ததால் சிக்கல் வரவில்லை.

அடுத்த சுற்றுக்கு

அதே தோட்டத்திலிருந்து இன்னொரு பிள்ளை அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகிறான். பேரேட்டை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று மாணவி சொன்னாள். கேள்விகள் எழுதிய பக்கங்களைக் கொடுக்கக் கூடாது என்று நானும் தாத்தாவும் ஒருமித்துச் சொன்னோம்; அது இன்னொரு தேதியில்லாத பி.டி.எஃப். ஆகிவிடும். கட்டத் தலைப்புகளையும் மை நிறச் சட்டத்தையும் ஐந்து குறிகளையும் மட்டும் புதிய நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உள்நாட்டு உபகாரச் சம்பளங்களுக்குத் தனிப் பகுதி ஒன்று சேர்த்திருக்கிறோம்; பக்கம் திறந்திருக்கும் நாளிலேயே கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும் என்ற குறிப்போடு. கோலாலம்பூரில் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் நடத்தும் ஆலோசனை மையத்தை ஜூலைக்கு முன்பே தொடர்புகொள்ளும்படியும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். இவள் அதை அக்டோபரில்தான் கேள்விப்பட்டாள்.

பையனுக்கு எந்தக் கல்லூரி வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. தாத்தா முதல் பக்கத்தில் ‘பணம் வருமா’ என்ற கட்டத்தைப் போட்டுவிட்டு, அது நிரம்பும் வரை இரண்டாம் பக்கத்தைத் திருப்ப விடமாட்டேன் என்கிறார்.